பாட்டு முடியும்வரை கதவைத் திறக்கக் கூடாது

எங்கள் காரில் ஒரு சட்டம் உண்டு. ஒரு பழைய ஆங்கிலப் பாட்டு ரேடியோவில் வந்தால், அது முடியும்வரை யாரும் கதவைத் திறக்கக் கூடாது. கடை வாசலாக இருந்தாலும் சரி, கோயில் வாசலாக இருந்தாலும் சரி. சென்ற தவணையில் என் மகளும் மகனும் இந்தச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் பிந்தி வந்தது அதனால்தான். ஏன் பிந்தியது என்று தலைமை ஆசிரியை கேட்டதற்கு மகள் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். "அப்பாவின்ரை பாட்டு போச்சுது மிஸ். முடியுமட்டும் இறங்க விடமாட்டார்."

ஆசிரியை சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்காமல், ஆண்டு மலருக்கு அதை எழுதித் தாருங்கள் என்றார். நான் பதினாறு வயதில் பள்ளியை விட்டு வேலைக்குப் போனவன். தமிழ் எழுத்து அம்மா பழைய பேப்பரை விரித்து வைத்துச் சொல்லித் தந்தது. பிழை இருந்தால் ஆசிரியை திருத்துவார். பிள்ளைகளே, இது உங்களுக்கு. பிள்ளைகளை இறக்கிவிட்டு வெளியே காருக்குள் போனைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிற என் வயதுக்காரரே, இது உங்களுக்கும்தான். நான் சொல்லும் பயம் உங்களில் பலருக்குப் பழக்கமானது.

பாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் உடனே போனில் தட்டிப் பார்ப்பீர்கள், மிச்சத்தை வாசிக்கமாட்டீர்கள். நீங்கள் எல்லோரும் அதைக் கேட்டிருக்கிறீர்கள். கலியாண மண்டபத்தில் கேட்டிருப்பீர்கள், சுப்பர்மார்க்கெட்டில் கேட்டிருப்பீர்கள், போன வருசம் ஒரு சோபா விளம்பரத்தில்கூட வந்தது. பாடியவர் அமெரிக்காவில் பிறந்த ஒரு கறுப்பினப் பெண். சின்ன வயதில் தேவாலயத்தில் பாடிப் பழகியவர். அந்த வகைப் பாட்டுக்குச் 'சோல்' என்று பெயர். முதலில் ஒரு தடித்த கிற்றார்க் கம்பி மட்டும் நடந்து வரும். பிறகு யாரோ பலகையில் தட்டுவது போல ஒரு தாளம். அதற்குப் பிறகு அவர் மூச்சை உள்ளே இழுப்பது கேட்கும். 

பாட்டின் கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பெண் சமைத்துவிட்டுக் காத்திருக்கிறாள். வரவேண்டியவர் வரவில்லை. உன் தட்டின்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடி வைத்திருக்கிறேன் என்கிறாள். முதலில் குசினிக்குள் தனக்குத் தானே சொல்வது போல மெல்லச் சொல்கிறாள். அடுத்த முறை கொஞ்சம் கோபம். மூன்றாம் முறை சொல்லே இல்லை, குரல் மட்டும் மேலே ஏறி, உடைவது போல வந்து, உடையாமல் நிற்கும். பிறகு பாட்டு மெல்ல மெல்லத் தேய்ந்து போய்விடும். அவர் வந்தாரா இல்லையா என்று பாட்டில் இல்லை.

அதை நான் முதலில் கேட்டபோது எனக்கு எட்டு வயது. தோர்ண்டன் ஹீத் என்ற இடத்தில் ஒரு வீட்டின் கீழ் முன்னறையில் அப்பா, அம்மா, அக்கா, நான் நாலு பேரும் இருந்தோம். ஊரில் சண்டை நடந்தபடியால் ஓடிவந்தவர்கள் நாங்கள். இந்த நாட்டில் இருக்கலாமா கூடாதா என்று முடிவு வரவில்லை. முடிவு வரும்வரை அப்பா மாதம் ஒருமுறை குரோய்டனில் இருக்கிற குடிவரவுக்காரரின் பெரிய கட்டடத்துக்குப் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். வைத்துவிட்டு வீட்டுக்கு வருகிறவர்களும் இருந்தார்கள். அப்படியே பிடித்து, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் வைத்து, பிறகு திருப்பி அனுப்பப்பட்டவர்களும் இருந்தார்கள். யாரை விடுவார்கள், யாரை வைத்திருப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதனால் கையெழுத்து வைக்கப் போகும் அன்று அம்மா ஒரு நீலப் பையில் உடுக்க ஒரு சாரம், பல் பிரஷ், ஒரு சின்னப் பொட்டலத்தில் திருநீறு எல்லாம் வைத்துக் கட்டிக் கொடுப்பார். அப்பா அது தேவையில்லை என்பார். ஆனால் எடுத்துக்கொண்டு போவார்.

மாடியில் வீட்டுக்கார அண்ணை இருந்தார். எங்களுக்கு முன்னமே வந்தவர், பெற்றோல் ஸ்டேஷனில் வேலை. எங்களுக்கு இடம் தந்தவர் அவர்தான், பயத்தையும் அவர்தான் தந்தார். கதவை யார் தட்டினாலும் திறக்கக் கூடாது. நம்முடைய ஆள் என்றால் கதவில் இருக்கும் தபால் ஓட்டையின் மூடியை இரண்டு தரம் தூக்கி அடிக்க வேண்டும். யன்னல் சீலை திறக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, பக்கத்து வீட்டுக்காரரோடு கதைக்கவே கூடாது. அவர் கறுப்பினத்தவர். அவரைக் குறிக்க வீட்டுக்கார அண்ணை சொன்ன சொல்லைப் பள்ளி மலரில் எழுதமாட்டேன். என் வயதுக்காரருக்கு அது தெரியும்.

"விடிய விடிய எங்கையோ போயிட்டு யூனிபோமோடை வாறான். நெஞ்சிலை பட்ஜ், இடுப்பிலை திறப்புக் கோர்வை. அவன் அரசாங்கத்தின்ரை ஆள், தம்பி. எங்களைப் பற்றிச் சொல்லிக் குடுக்கத்தான் இருக்கிறான்" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா தலையாட்டினார். நானும் அக்காவும் அன்றிலிருந்து அந்தச் சுவர்ப் பக்கம் படுக்கவில்லை.

அந்தச் சுவரில் ஒரு பயர்பிளேஸ் இருந்தது. முந்திய காலத்தில் நிலக்கரி எரிப்பதற்காகச் சுவரில் விட்ட குழி. குளிர் வராமல் பலகை அடித்து மூடியிருந்தார்கள். அதற்கு முன்னால் தரையில் ஒரு கறுப்புக் கல். அம்மா பலகையில் பிள்ளையார் படத்தைச் சாத்தி, கல்லின்மேல் விளக்கு வைத்தார். எங்கள் சாமி அறை அதுதான். இரண்டு வீட்டுக்கும் ஒரே புகைபோக்கி என்பது எங்களுக்குத் தெரியாது.

ஒரு நாள் காலையில் பிள்ளையாருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் மூச்சை இழுத்தாள். அம்மா நெருப்புப் பெட்டியைக் கீழே போட்டுவிட்டார். குரல் எழும்ப எழும்ப அவர் முகம் மாறியது. அங்கே ஒரு பொம்பிளையை அடிக்கிறான், அவள் அழுகிறாள் என்றார். அப்பா காதை வைத்துக் கேட்டுவிட்டு, பாட்டு என்றார். அம்மா நம்பவில்லை. அடுத்த நாளும் அதே நேரம், அதே மூச்சு, அதே அழுகை. அக்காவுக்குத்தான் பள்ளியில் ஆங்கிலம் வேகமாக வந்தது. அவள் பலகையில் காதை வைத்து வரிவரியாகச் சொன்னாள். தட்டு, மூடி, சோறு ஆறிப் போகிறது. அம்மா விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார். "எங்களைப் போலை ஒருத்திதான்" என்றார்.

அந்த மாதம் கையெழுத்து நாள் வந்தது. அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வேண்டும் என்றார். வெளியே வாசலில் உடைத்தால் சத்தம் கேட்டுப் பொலிஸ் வரும் என்று வீட்டுக்கார அண்ணை தடுத்தார். அம்மா பயர்பிளேஸ் கல்லிலேயே உடைத்தார். கோயிலில் மணி அடிக்கும்போதுதானே தேங்காய் உடைப்பார்கள். எங்களிடம் மணி இல்லை. சரியாக அந்த நேரம் சுவருக்குள் பாட்டுத் தொடங்கியது. அம்மா அதை மணியாக எடுத்துக்கொண்டு தேங்காயை ஓங்கினார். அப்பா போனார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார்.

அதோடு அம்மாவுக்கு முடிவாகிவிட்டது. பாட்டு வந்தால் அப்பா வருவார். ஒவ்வொரு கையெழுத்து நாளும் பாட்டுக்காகக் காத்திருந்து, தொடங்கியதும் தேங்காய். வெள்ளிக்கிழமைகளிலும் அப்படியே. தெருமுனையில் இருந்த ஒரு வீட்டு அப்பாவை கையெழுத்து வைக்கப் போன இடத்திலேயே வைத்துக்கொண்டுவிட்டார்கள் என்று செய்தி வந்த பிறகு, செவ்வாய்க்கிழமையும் சேர்ந்தது. தேங்காய் ஒரே அடியில் உடையாது.  அடி மேல் அடி விழும். நானும் அக்காவும் அந்த அடிகளை எண்ணாமல் இருக்கக் காதைப் பொத்திக்கொள்வோம்.

பிறகு ஒரு கிழமை, ஏழு நாளும் பாட்டு வரவில்லை.

அடுத்த வெள்ளி வந்தது, அன்றும் இல்லை. அவர் வீட்டுக்கு வருவது கேட்கும், திறப்புக் கோர்வைச் சாவிகள் கலகலக்கும், பிறகு ஒரு சத்தமும் இல்லை. சுவர் செத்துப்போன மாதிரி இருந்தது. அம்மா சமையலில் உப்பை மறந்தார். சரியாக அந்த நேரத்தில் கையெழுத்து நாளும் வந்தது.

அப்பா சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நின்றார். நீலப் பை கையில். அம்மா தேங்காயோடு கல்லுக்கு முன்னால் இருந்தார். ரயில் நேரம் போய்க்கொண்டிருந்தது.

"இஞ்சருங்கோ, இண்டைக்குப் போகாதேங்கோ. பாட்டு வரேல்லை."

"போகாட்டி அவங்கள் இஞ்சை வருவாங்கள். பிறகு நாலு பேரையும் பிளேன் ஏத்துவாங்கள்."

"கொஞ்சம் பொறுங்கோவன்."

"நேரம் பிந்தினாலும் பிழை தானப்பா."

வேலைக்குப் போக மாடியிலிருந்து இறங்கி வந்த வீட்டுக்கார அண்ணை, விசர் வேலை பார்க்காதேங்கோ என்று அம்மாவை ஏசிவிட்டுப் போனார். அம்மா எழும்பிப் போய் அறைக் கதவுக்குக் குறுக்கே நின்றார். அப்பா அவரை விலக்கவும் இல்லை, கட்டிலில் போய் இருக்கவும் இல்லை. அம்மா அழுவதை நான் பார்த்திருக்கிறேன். அப்பாவின் தாடை நடுங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அக்காவுக்குப் பன்னிரண்டு வயது. அவள் அம்மாவின் கைக்குக் கீழால் குனிந்து வெளியே போனாள். முன்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நான் அவள் கார்டிகன் நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். ஏன் ஓடினேன் என்று தெரியாது. தனியே அவளை அந்த மனிதர் பிடித்துக்கொள்வார் என்று நினைத்திருப்பேன்.

அக்கா பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் திறந்தார். பெரிய ஆள். யூனிபோம் காற்சட்டை, மேலே பெனியன். காலில் சப்பாத்து இல்லை, தடித்த கம்பளிக் காலுறை. தைலமும் புகையிலையும் கலந்த வாசம் வந்தது. எனக்கு மூத்திரம் முட்டியது.

அவர்கள் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன். அக்கா வாயைத் திறக்கும் முன் அவர் சொன்னார்: "நான் நிற்பாட்டிவிட்டேன், பிள்ளை. ஒரு கிழமைக்கு மேலாகப் போடவில்லை. அம்மாவிடம் சொல்லு, நகரசபைக் கவுன்சிலுக்கு முறைப்பாடு எழுத வேண்டாம் என்று. சப்பாத்தைக்கூடக் கழற்றிவிட்டுத்தான் நடக்கிறேன்."

அக்காவுக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார்: பாட்டுப் போட்ட உடனே நீங்கள் சுவரில் இடிக்கிறீர்கள். முதலில் எப்போதாவது இடித்தீர்கள். பிறகு கிழமைக்கு இரண்டு தரம். உங்களுக்கு முந்தி அங்கே இருந்தவர்கள் அப்படித்தான் தொடங்கினார்கள், முறைப்பாடு கொடுத்தார்கள், என் வீடு பறிபோகப் பார்த்தது.

எங்களைப் பிடித்துக் கொடுப்பார் என்று நாங்கள் பயந்த மனிதர், எங்களுக்குப் பயந்து தன் வீட்டுக்குள் காலுறையோடு நடந்துகொண்டிருந்தார்.

"அது இடி இல்லை. தேங்காய்" என்றாள் அக்கா. "சாமிக்கு. உங்கள் பாட்டுத் தொடங்கினால்தான் உடைப்போம். பாட்டுக் கேட்டால்தான் அப்பா திரும்பி வருவார். அப்பா இப்போது குரோய்டனுக்குப் போக வேண்டும்."

குரோய்டன் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் அவளை வேறு விதமாகப் பார்த்தார். என்னையும் பார்த்தார். உள்ளே போனார். முன்னறை யன்னலை மேலே தூக்கும் சத்தம். பிறகு அந்தக் கம்பி, பலகைத் தட்டு, மூச்சு. தெரு முழுக்கக் கேட்டது. எங்கள் வீட்டுக்குள் தேங்காய் ஒரே அடியில் உடைந்தது. அப்பா வாசலைத் தாண்டி வந்து, எங்கள் இரண்டு பேரின் தலையையும் தொட்டுவிட்டு, பாட்டுக்குள்ளால் நடந்து ஸ்டேஷன் பக்கம் போனார்.

மத்தியானம் அப்பா வரவில்லை.

அம்மா தட்டில் சோறு போட்டு இன்னொரு தட்டால் மூடினார். பாட்டு மட்டும் நிற்கவில்லை. முடியும், சுவருக்கு அந்தப் பக்கம் நாலைந்து அடி நடக்கும் சத்தம், திரும்பத் தொடங்கும். இரவு முழுக்க வேலை செய்துவிட்டு வந்தவர் படுக்கவில்லை. அக்கா சொன்னதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார் போல. பாட்டுப் போகும்வரைதான் அப்பா வருவார் என்று.

நாலு மணிக்கே இருட்டிவிட்டது. சோறு கல்லாகிவிட்டது. பிறகு பாட்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் எங்கள் முன்கதவை யாரோ கையால் தட்டினார்கள். தபால் மூடியை அல்ல, கதவை.

அம்மா விளக்கை ஊதினார். எங்கள் இரண்டு பேரையும் இழுத்துக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருத்தி, என் வாயைப் பொத்தினார். கை தேங்காயும் மஞ்சளும் மணந்தது. வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அப்பாவை வைத்துக்கொண்டு இப்போது எங்களை எடுக்க வந்துவிட்டார்கள். தட்டல் மூன்று முறை வந்தது. ஒரு ஆண் குரல் ஏதோ சொன்னது. பிறகு காலடி விலகிப் போனது. திறப்புக் கோர்வையின் சத்தமும் போனது.

அக்கா சீலையின் ஓரத்தால் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரர் தொப்பியோடு பஸ் தரிப்பிடத்துக்கு நடந்துகொண்டிருந்தார். வேலைக்கு நேரமாகிவிட்டது. எங்கள் வாசல் படியில் கைபிடி வைத்த ஒரு சிவப்புப் பெட்டி இருந்தது, மேலே பிளாஸ்டிக் பை மூடி. அவருடைய றெக்கோட் பிளேயர். உள்ளே அந்தப் பாட்டின் இசைத்தட்டும் இருந்தது. தான் இல்லாத நேரம் பாட்டு நிற்கக் கூடாது என்று கொண்டுவந்து வைத்திருந்தார். நாங்கள் அவருக்குக் கதவு திறக்கவில்லை.

அக்கா பிளக்கைக் குத்தினாள். ஊசியைத் தானேதான் வைக்க வேண்டும் என்றார் அம்மா, தேங்காய் உடைப்பது போல அதுவும் தன் வேலை என்று. பழக்கமில்லாத கையில் ஊசி வழுக்கிக் கீறியது. அன்றிலிருந்து அந்தத் தட்டில், குரல் உயரப் போகும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், 'டிக்' என்று ஒரு சத்தம். ரேடியோவில் வரும் பாட்டில் அது இல்லை. அந்த இடத்தில் நான் நாக்கால் 'டிக்' என்று தட்டுகிறேன் என்று என் பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள்.

பாட்டு நடுவில் போய்க்கொண்டிருந்தபோது தபால் மூடி இரண்டு தரம் அடித்தது.

அக்கா பாய்ந்து எழும்பினாள். அம்மா அவள் கையைப் பிடித்தார்.

"பொறு. பாட்டு முடியட்டும்."

"அம்மா, அப்பா அம்மா!"

"தெரியும். பாதியிலை நிப்பாட்டாதை. முடியட்டும்."

வெளியே குளிர். அப்பா திரும்பத் தட்டவில்லை. தன் வீட்டுக்குள்ளேயிருந்து அந்தப் பாட்டு வருவதைக் கேட்டு அவருக்கும் ஏதோ விளங்கியிருக்க வேண்டும். தபால் ஓட்டைக்குள்ளால் அவர் விரல்கள் உள்ளே வந்தன. நானும் அக்காவும் ஓடிப்போய் நிலத்தில் குந்தியிருந்து ஆளுக்கொரு விரலைப் பிடித்துக்கொண்டோம். ஐஸ் மாதிரி இருந்தன. 'டிக்' வந்தது. குரல் மேலே ஏறியது, உடையாமல் நின்றது, தேய்ந்தது. அதற்குப் பிறகுதான் அம்மா கதவைத் திறந்தார்.

அப்பா ஆறிய சோற்றை அப்படியே சாப்பிட்டார். சூடாக்க விடவில்லை. அன்றைக்கு அந்தக் கட்டடத்துக்குள் என்ன நடந்தது என்று அவர் சாகும்வரை சொல்லவில்லை.

அடுத்த நாள் அம்மா பெட்டியோடு தேங்காய்ச் சொட்டுத் துண்டும் சர்க்கரையும் கொடுத்து அக்காவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார். அந்த வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கட்டில் தள்ளுகிற வேலை செய்கிறவர் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த பட்ஜ் அதற்குத்தான். அப்போது எனக்கிருந்த வயதில், ஒரு தீவிலிருந்து தாயோடு கப்பலில் வந்தவராம். அதற்குப் பிறகு ஒவ்வொரு கையெழுத்து நாளும் அவர் தேங்காய்ச் சத்தத்துக்காகக் காத்திருந்து பாட்டைப் போட்டார், அம்மா பாட்டுக்காகக் காத்திருந்து தேங்காயை ஓங்கினார். சில நாள் இரண்டு பேரும் காத்திருந்து அப்பாவுக்கு ரயில் தவறப் பார்த்தது. வீட்டுக்கார அண்ணை மட்டும் கடைசிவரை அவரோடு கதைக்கவில்லை.

எங்களுக்கு இருக்கலாம் என்று முடிவு வந்து நாங்கள் வேறு வீட்டுக்குப் போகும்போது, கீறல் விழுந்த தட்டை அவர் அம்மாவுக்கே கொடுத்துவிட்டார். எங்களிடம் பிளேயர் இல்லை. அம்மா அதைப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். அம்மா இறந்த பிறகு தேடினேன், கிடைக்கவில்லை.

அந்தப் பாடகியை அவரின் முதுமையில் ஒருமுறை தொலைக்காட்சியில் பார்த்தேன். கதிரையில் இருந்தபடி பாடினார். உயரப் போகும் இடம் வருவதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டார். எத்தனை ஆயிரம் தரம் பாடியிருப்பார், அவருக்கும் அந்த இடம் பயமாகத்தான் இருந்தது என்று எனக்குப் பட்டது. அதனால்தான் அந்தப் பாட்டு இன்னும் சாகவில்லை என்று நினைக்கிறேன். இசை எனக்குத் தெரியாது.

சில வருசத்துக்கு முன் செய்தியில் வயதான கறுப்பின ஆட்களைக் காட்டினார்கள். சின்ன வயதில் சட்டப்படி கப்பலில் வந்து, இங்கேயே உழைத்துக் கிழவரானவர்கள். நீ இந்த நாட்டுக்காரன் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று அவர்களிடம் கேட்டார்களாம். சிலரை எங்கள் ஆட்களைப் போலவே பிடித்து வைத்தார்களாம். அரசாங்கத்தின் ஆள் என்று நாங்கள் பயந்த மனிதரின் வயது அவர்களுக்கு. நான் அடுத்த நாளே தோர்ண்டன் ஹீத்துக்குப் போனேன். அவர் வீட்டுக்குப் புதுக் கதவு. இளம் சோடி ஒன்று இருந்தது. அப்படி ஒருவரைத் தெரியாது என்றார்கள். பயர்பிளேஸ் இருக்கிறதா என்று கேட்டேன். அடைத்துப் பூசிவிட்டார்களாம்.

இதை எழுதிவிட்டு மகளிடம் வாசிக்கக் கொடுத்தேன். பகிடி பண்ணுவாள் என்று பார்த்தேன். கடைசிவரை வாசித்துவிட்டு ஒன்றுதான் கேட்டாள்.

"அப்பா, பக்கத்து வீட்டுக்காரரையும் குரோய்டனுக்குக் கூப்பிட்டிருந்தா, அண்டைக்கு அவருக்கு ஆர் பாட்டுப் போட்டது?"



போன சனிக்கிழமை பள்ளிக்கு வரும் வழியில் ரேடியோவில் அந்த மூச்சுக் கேட்டது. வாசலில் காரை நிறுத்தினேன். மணி அடித்துவிட்டது. மகன் கதவுப் பிடியில் கை வைத்தான். மகள் அவன் கையை எடுத்துவிட்டு, அந்தக் குளிரில் நாலு யன்னலையும் இறக்கி, சத்தத்தைக் கூட்டினாள்.